பதினோரு தோட்டம், ஒரே குழாய்

மே 8, வியாழன்

குழாயில் ஒரு கட்டு இருந்தது. எலி கடித்த இடத்தில் கறுப்பு சைக்கிள் டியூபைக் கிழித்து ஐந்து சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டிருந்தார்கள். முடிச்சின் ஒரு வால் நீளம், மற்றது குட்டை. இன்று ஆலம்பட்டியில் ஒரு தோட்டத்தில் சிலேட்டைக் கொடுக்கக் குனிந்தபோது காலடியில் பார்த்தேன். செவ்வாய்க்கிழமை ஊத்துக்கரையில் போட்ட குழாயிலும் இப்படி ஒரு கட்டு இருந்தது. எல்லோரும் சைக்கிள் டியூபில்தான் கட்டுவார்கள் போலிருக்கிறது. ஆனால் இது காலையில்தான் வண்டியிலிருந்து இறக்கிய புதுக் குழாய். அதற்குள் எலி எப்போது வந்தது?

இந்த டைரி ஜெயபாண்டி அண்ணன் கொடுத்தது. பைப் கம்பெனியின் போன வருடத்து டைரி. கிழமைகளை அடித்துத் திருத்தி எழுதுகிறேன். கடைக்கு வருகிறவர்களின் பெயரை இதில் எழுதி வைக்கச் சொன்னார். அதை ஒரு நோட்டில் எழுதிவிட்டு இதை எனக்கு வைத்துக்கொண்டேன்.

மூங்கிலணை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் அவருடைய சொட்டுநீர்க் குழாய்க் கடையில் சேர்ந்து மூன்று மாதம் ஆகிறது. ஐந்து ஏக்கருக்குள் நிலம் உள்ளவர்களுக்கு அரசாங்கம் முழு மானியத்தில் குழாய் போட்டுக் கொடுக்கிறது. குழாயைப் போடுவது எங்கள் கடை. போட்டதற்குச் சாட்சியாக ஒரு போட்டோ வேண்டும். தோட்டத்தில் குழாய் விரித்திருக்க வேண்டும். நிலத்துக்காரர் கையில் சிலேட்டைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். சிலேட்டில் பெயர், சர்வே எண், எத்தனை ஏக்கர் என்று இருக்க வேண்டும். எந்த இடம், எந்தத் தேதி என்பதைப் போனே படத்தின் அடியில் அச்சடித்துவிடும். சிலேட்டில் எழுதுவது என் வேலை. என் கையெழுத்து முத்து முத்தாக இருக்கிறது என்று அண்ணன் சொல்வார். யாரிடமும் பேச வேண்டியதில்லை. அதனால் எனக்குப் பிடித்திருக்கிறது.

வீட்டுக்கு வந்து மாவு ஆட்டினேன். அம்மாவுக்குத் தலை சீவிவிட்டேன்.

மே 13, செவ்வாய்

இன்று நான் போட்டோவில் நின்றேன்.

தோட்டத்துக்காரர் செல்லக்கண்ணு என்று ஒரு அம்மா. பத்து மணிவரை வரவில்லை. அண்ணன் போன் பேசிவிட்டு வந்தார். "அந்தம்மா தம்பி வீட்டுக் காதுகுத்துக்குப் போயிருச்சாம். வெயில் ஏறுது. நீ சும்மா நில்லு ஜோதி. பேருக்கு ஒரு போட்டோ. அப்புறம் அந்தம்மாவ வச்சு மாத்திக்கலாம்" என்றார்.

குட்டியானை வண்டியின் சீட்டுக்கு அடியிலிருந்து ஒரு பழைய நீலச் சேலை வந்தது. சுடிதாருக்கு மேலேயே சுற்றிக்கொண்டேன். வெயிலுக்குப் போடுவதுபோலத் தலையில் துண்டைப் போட்டுக்கொள்ளச் சொன்னார். வண்டி ஓட்டும் சேவுகண்ணன், "கல்யாணம் ஆகி ரெண்டு புள்ள பெத்தவ மாதிரில்ல இருக்க" என்று சிரித்தார்.

பள்ளிக்கூடத்தில் குரூப் போட்டோ எடுத்தபோது நான் உயரமான ஒரு பிள்ளையின் முதுகுக்குப் பின்னால் நின்றவள். அதில் என் நெற்றி மட்டும்தான் தெரியும். இன்று அப்படி ஒளியத் தோன்றவில்லை. நிற்பது நாகஜோதி இல்லை, செல்லக்கண்ணு. அவருக்கு ஒன்றே முக்கால் ஏக்கர் இருக்கிறது. முதுகை நிமிர்த்தி நின்றேன்.

அம்மாவிடம் சொல்லவில்லை. சொல்லும்படியாக ஒன்றும் இல்லை.

மே 14, புதன்

சட்னிக்கு உப்புப் போட மறந்தேன்.

மே 22, வியாழன்

இந்த வாரம் மூன்று. மயிலாத்தாள், பூங்காவனம், இன்னொரு செல்லக்கண்ணு. நிலத்துக்காரர் வரவில்லை என்று அண்ணன் இப்போது சொல்வதில்லை. சேலையை மடித்து ஒரு பையில் வைத்து என்னிடமே கொடுத்துவிட்டார்.

கடைக்கு வந்து ஃபைல் அடுக்கினேன். ஒவ்வொரு ஃபைலிலும் சிட்டா நகல், ஆதார் நகல், விண்ணப்பம். விண்ணப்பத்தின் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் விதிகள். அதைப் படிக்கிறவர்கள் யாரும் இல்லை. எனக்கு வேலை இல்லாத நேரத்தில் படித்தேன். ஒருமுறை குழாய் வாங்கிய நிலத்துக்கு ஏழு வருடம் கழித்துத்தான் அடுத்தது. வாங்கிய குழாயை விற்றால் மானியம் முழுவதும் நிலத்துக்காரரிடம் வசூலிக்கப்படும். வேறு எந்த அரசாங்க உதவியும் அவருக்குக் கிடையாது.

பூங்காவனத்தின் ஆதாரில் முகத்தைப் பார்த்தேன். அறுபது வயதிருக்கும். மூக்கின் இரண்டு பக்கமும் மூக்குத்தி. உடனே மூடி வைத்துவிட்டேன்.

ஜூன் 3, செவ்வாய்

போட்டோ முடிந்ததும் குழாயைச் சுருட்ட இன்று ஆள் இல்லை. நானும் சேவுகண்ணனும் சுருட்டினோம். கைக்குள் அந்தக் கட்டு வந்தது. ஐந்து சுற்று. ஒரு வால் நீளம், ஒன்று குட்டை.

சேவுகண்ணன் நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டார். "நம்ம பைப்பு ஊரு ஊராப் போகுது, போட்டோ எடுத்துக்கிருது, ஒரு செடிக்கும் தண்ணி ஊத்தல. எலெக்சன்ல நின்னா செயிச்சிரும்" என்றார். நானும் சிரித்தேன். பிறகு பல் கூசியது.

அண்ணனிடம் நான் எதுவும் கேட்கவில்லை. கேட்டதுபோல அவரே சாயந்தரம் சொன்னார். கம்பெனி முதலில் சரக்கு அனுப்பாதாம். பில் பாஸ் ஆன பிறகுதான் அனுப்புமாம். அதுவரை மாதிரிக்கு இந்த ஒரு செட் குழாய். எல்லாத் தோட்டத்துக்கும் ஐப்பசி மழைக்குள் போட்டுக் கொடுத்துவிடுவாராம்.

நம்பினேன் என்று எழுதுகிறேன்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் மில்லில் அம்மாவின் வலது கையில் இரண்டு விரல் போனபோது மதுரைக்குக் காரில் கொண்டுபோனவர் அவர்தான். எங்களுக்கு அவர் சொந்தம்கூட இல்லை, ஒரே தெரு. அப்பா போர்வெல் லாரியோடு வடக்கே எங்கோ இருந்தார். இப்போதும் இருக்கிறார். நான் பத்தாவதைப் பாதியில் விட்டுவிட்டு அடுப்படிக்கு வந்தேன். அம்மா தினமும் விளக்கேற்றும்போது அண்ணன் பெயரையும் சொல்லித்தான் கும்பிடுகிறாள்.

ஜூன் 19, வியாழன்

இன்றோடு பதினொன்று. எண்ணக் கூடாது என்று இருந்தேன். சிலேட்டில் எழுதும்போது தானாக எண்ணிவிட்டேன்.

இன்று நான் வெள்ளைத்தாயி. ஊர் கள்ளிவலசு. இரண்டு ஏக்கர், ஒரு கிணறு. வீடு பூட்டிக் கிடந்தது. திருப்பூரில் மகளோடு இருக்கிறாராம். நிலம் முழுக்க வேலிக்கருவை முளைத்திருந்தது. படத்தில் தெரியும் இடத்தை மட்டும் சேவுகண்ணன் வெட்டி ஒதுக்கினார். அந்த அம்மா போன வருடம் விவசாயி பணம் ஆறாயிரத்துக்குப் பதிய எங்கள் கடையில் சிட்டா, ஆதார் நகல் கொடுத்திருக்கிறார். அந்த நகலை வைத்துத்தான் இந்த விண்ணப்பம். அண்ணன் சொல்லவில்லை. நகலின் மேல் இருந்த பழைய தேதியைப் பார்த்து நானே தெரிந்துகொண்டேன்.

நான் சிலேட்டோடு நின்றபோது பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஒரு ஆள் குரல் கொடுத்தார். "வெள்ளத்தாயி வந்திருச்சா?" தூரத்தில் இருந்தார். முகம் தெரியாது.

அண்ணன் அசையவில்லை. நான் கையைத் தூக்கிக் காட்டினேன். அவரும் கையைக் காட்டிவிட்டு மாட்டை ஓட்டிக்கொண்டு போய்விட்டார்.

"கெட்டிக்காரி" என்றார் அண்ணன்.

கையை ஏன் தூக்கினேன் என்று தெரியவில்லை. வீட்டுக்கு வந்து கையைச் சோப்புப் போட்டு இரண்டு தடவை கழுவினேன். முள் எதுவும் குத்தியிருக்கவில்லை.

ஜூலை 10, வியாழன்

தோட்டக்கலை ஆபீஸுக்குப் புது மேடம் வந்திருக்கிறார்கள். பழைய போட்டோக்களை எல்லாம் எடுத்து வைத்துக்கொண்டு தோட்டம் தோட்டமாகப் போகிறார்களாம். சேவுகண்ணன் டீக்கடையில் கேட்டுவிட்டு வந்து சொன்னார். அண்ணன் கணக்குத் தவறிய ஆள்போல உட்கார்ந்திருந்தார். போனை எடுத்தார், வைத்தார், மறுபடி எடுத்தார்.

பிறகு என்னிடம் சேலைப் பையைக் கேட்டார். கொடுத்தேன். எங்கே கொண்டுபோனார் என்று தெரியவில்லை. இனி சிலேட்டு வேலை இல்லை, கடைக்குள்ளேயே இருந்தால் போதும் என்றார்.

வாசலில் ஜீப் நின்றால் எனக்குத் தெரிந்துவிடுகிறது. மற்ற வண்டிகளைவிட அது நின்ற பிறகும் கொஞ்ச நேரம் உறுமும். இன்று மூன்று ஜீப் நின்றது. ஒன்று குடிநீர் வாரியம். ஒன்று யாரோ பழம் வாங்க. மூன்றாவதை எட்டிப் பார்க்கவில்லை. குழாய்க் கட்டுகளுக்குப் பின்னால் தூசி துடைத்துக்கொண்டிருந்தேன்.

ஜூலை 18, வெள்ளி

ஆடி முதல் வெள்ளி. காளியம்மன் கோயிலில் கூழ் ஊற்றினார்கள். தூக்குவாளியோடு வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் நின்ற அம்மா திரும்பிப் பார்த்தார். மறுபடி திரும்பிப் பார்த்தார். "ஏத்தா, ஒன்னய எங்கிட்டோ பாத்திருக்கேனே" என்றார்.

அந்த அம்மாவின் மூக்கில் இரண்டு பக்கமும் மூக்குத்தி.

கூழ் வாங்காமல் வந்துவிட்டேன். காலியான தூக்குவாளியைப் பார்த்து அம்மா ஏன் என்று கேட்டாள். தீர்ந்துவிட்டது என்றேன். கோயிலில் மேளம் நிற்கவே இல்லை.

ஜூலை 24, வியாழன்

வெள்ளைத்தாயி கடைக்கு வந்தார்.

அண்ணன் வெளியே போயிருந்தார். நான் மட்டும் இருந்தேன். நகலில் பார்த்த முகத்தைவிட மெலிந்திருந்தார். ஐம்பது வயது இருக்கும். செருப்பை வெளியே விட்டுவிட்டு வந்து, குழாய்க் கட்டின் மேல் உட்காரலாமா என்று கேட்டு உட்கார்ந்தார். பெயரைச் சொன்னதும் நான் மேசைக்கு அடியில் குனிந்து பில் புத்தகம் தேடத் தொடங்கினேன். அது மேசை மேலேயே இருந்தது.

அவர் பேசிக்கொண்டே இருந்தார். மகளுக்கும் மருமகனுக்கும் ஒத்துவராமல் போய், மகளும் பேத்தியும் இவரோடு ஊருக்கே வந்துவிட்டார்களாம். வேலிக்கருவையை வெட்டி, நகையை வைத்து, ஆடிப்பட்டத்துக்கு இருநூற்றெண்பது முருங்கைக் கன்று நட்டிருக்கிறார்கள். கிணற்றில் மோட்டார் போட்டால் அரை மணி நேரத்தில் தண்ணீர் கீழே போய்விடுகிறது. வாய்க்காலில் விட்டால் பத்துக் கன்றுக்குப் போய்ச் சேருவதற்குள் மண் குடித்துவிடும். சொட்டுநீர் போட்டால் அந்த அரை மணித் தண்ணீர் அத்தனைக்கும் போதும். அதற்காக ஆபீஸில் எழுதிக் கொடுக்கப் போனால், உனக்கு ஏற்கெனவே குழாய் கொடுத்தாயிற்று, இனி ஏழு வருடம் கழித்து வா என்று கம்ப்யூட்டர் சொல்கிறதாம்.

"போட்டோவும் இருக்குன்னு அந்த மேடம் காட்டுனாக. யாரோ ஒரு புள்ள. என் காட்டுல, என் பேரப் புடிச்சுக்கிட்டு, நல்லா நிமிந்து நிக்கிது. அது மூஞ்சியில அம்புட்டுச் சந்தோசம்" என்றார் வெள்ளைத்தாயி. "பக்கத்துக் காட்டுக்காரன் வேற, அன்னைக்கு நீ கைய காட்டுனியேங்கிறான். நான் திருப்பூருல துணி மடிச்சுக்கிட்டு இருக்கேன்."

தலையை நிமிர்த்தாமல், அண்ணன் வந்ததும் சொல்கிறேன் என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. அவர் என்ன சொன்னாய் என்று திரும்பக் கேட்டார். மறுபடி சொன்னேன்.

போகும்போது சொன்னார். "கன்னு தாங்காது தாயி. குடத்துல சொமந்து ஊத்துறோம். ஆடிக் காத்து ஒரு பக்கம் உறிஞ்சுது. ரெண்டு வாரம் போனா எல்லாம் வெறகு."

அந்தப் படத்தில் எனக்குச் சந்தோஷம் தெரிகிறதா? நான் அந்தப் படத்தைப் பார்த்ததில்லை.

ஜூலை 25, வெள்ளி

அண்ணனிடம் சொன்னேன். சரி என்றார். அவ்வளவுதான்.

ஜூலை 30, புதன்

அம்மா என்னை வெயிலில் நிறுத்தி நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்தாள். கண்ணுக்குக் கீழே கறுத்திருக்கிறதாம். வேப்பங்கொழுந்து அரைத்துக் கொடுத்தாள். குடித்தேன்.

ஆகஸ்ட் 4, திங்கள்

ஆப்பிள் பழத்தோடு அண்ணன் வீட்டுக்கு வந்தார். அம்மாவின் கையைத் தூக்கிப் பார்த்து, வலி எப்படி இருக்கிறது என்று விசாரித்தார். அம்மா ஒற்றைக் கையால் காப்பி போட்டுக் கொடுத்தாள். அப்பா எப்போது வருகிறார் என்று கேட்டார். ஜோதியைப் போல ஒரு பிள்ளை கிடைக்காது என்றார். அம்மாவுக்கு முகமெல்லாம் பூரிப்பு.

வண்டிவரை போய் வழியனுப்பச் சொன்னாள். போனேன்.

வண்டியின் பெட்டியிலிருந்து ஒரு தாளை எடுத்தார். டைப் அடித்திருந்தது. தெருவிளக்குக் கம்பத்தில் சாய்ந்துகொண்டு, வாசித்துப் பார் என்றார். வெள்ளைத்தாயியாகிய நான் சொட்டுநீர்க் குழாயை முழுமையாகப் பெற்றுக்கொண்டேன். ஊரில் இல்லாததால் அதை வெளியாளுக்கு விற்றுவிட்டேன். போட்டோவில் இருப்பது என் சம்மதத்தின் பேரில் எனக்காக நின்ற என் உறவுக்காரப் பெண். இப்படிக்கு.

வியாழக்கிழமை காலை பத்தரைக்கு வெள்ளைத்தாயியை மேடம் விசாரணைக்கு வரச் சொல்லியிருக்கிறார்களாம். அதற்குள் இதில் கையெழுத்து வேண்டும். அவருக்குத் தன் பெயரை எழுத மட்டும் வரும், படிக்க வராது. பழைய குழாய் ஒரு செட் சும்மா தருகிறோம், அதற்கு ரசீது என்று நான் சொல்ல வேண்டும். பொம்பளைப் பிள்ளை போனால் சந்தேகம் வராது.

நான் தாளை வாங்கவில்லை. கை நீளவில்லை. அவர் கோபப்படவில்லை. அம்மாவுக்குக் கேட்காதபடி மெதுவாகத்தான் பேசினார்.

"ஜோதி. பதினோரு போட்டோவுலயும் இருக்கிறது நீ. என் மூஞ்சி எதுலயாவது இருக்கா? சிலேட்டுல எழுத்து யாரோடது? நான் ஒன்னயக் காப்பாத்தத்தான் அலையிறேன். ஒங்க அம்மா போலீஸ் ஸ்டேசன் வாசல்ல வந்து நிக்கணுமா, சொல்லு."

தாள் இப்போது இந்த டைரிக்குள் இருக்கிறது. அம்மா ஆப்பிளை வெட்டி எனக்குப் பெரிய துண்டாகக் கொடுத்தாள்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

கையெழுத்து வாங்கிவிட்டேன்.

கள்ளிவலசில் பஸ்ஸை விட்டு இறங்கி நடந்தேன். வழியெல்லாம் காற்று மண்ணை வாரி அடித்தது. துப்பட்டாவைத் தலையில் போடாமல் நடந்தேன். போட்டால் பக்கத்துத் தோட்டத்து ஆளுக்குத் தெரிந்துவிடும் என்று பயம். போடாவிட்டால் வெள்ளைத்தாயிக்குத் தெரிந்துவிடுமோ என்றும் பயம். அவருக்குத் தெரியவில்லை. கடைப் பிள்ளையா, வா வா என்றார்.

இடுப்பில் குடத்தோடு இருந்தார். கிணற்றிலிருந்து கடைசி வரிசை தூரம். பேத்தி ஒரு சொம்பில் எடுத்து ஊற்றிக்கொண்டு பின்னாலேயே போனாள். அந்தச் சொம்புத் தண்ணீர் விழுந்த இடம் தெரியாமல் போனது. முதல் நான்கு வரிசை பச்சையாக இருந்தது. அதற்கு அப்பால் இலை மஞ்சளாகிக் காம்போடு தொங்கியது.

பழைய குழாய், சும்மா, ரசீது. மூன்று வார்த்தையும் சொன்னேன். வேறு எதுவும் சொல்லவில்லை. அவர் கேட்கவுமில்லை. ஈரக் கையைச் சேலையில் துடைத்துவிட்டு, கவிழ்த்துப் போட்ட அண்டாவின் மேல் தாளை வைத்து வெ, ள், ளை என்று ஒவ்வொரு எழுத்தாக எழுதினார். முடிக்க வெகு நேரம் ஆனது. நான் தடுக்க நினைத்திருந்தால் அந்த நேரம் போதும்.

"என்னைக்குத்தா வரும் பைப்பு?" என்றார்.

சீக்கிரம் என்றேன்.

மகள் மோர் கொண்டுவந்து கொடுத்தாள். குடித்தேன். அம்மாவுக்கு என்று ஒரு பிடி முருங்கைக்கீரை ஒடித்துக் கொடுத்தார்கள். பச்சையாக இருந்த வரிசையிலிருந்துதான் ஒடித்தார்கள்.

பஸ்ஸில் வாந்தி எடுத்தேன். பக்கத்தில் இருந்தவர் வெயில் என்றார். ஆமாம், வெயில்தான்.

ஆகஸ்ட் 6, புதன்

கீரையை அம்மா சமைத்தாள். நான் சாப்பிடவில்லை.

காலையில் கடைக்குப் போனதும் அண்ணன் கையை நீட்டினார். "அந்தம்மா ஊர்ல இல்லண்ணே. மக வீட்டுக்குப் போயிருக்காம்" என்றேன். அவரிடம் நான் சொன்ன முதல் பொய். அந்த மகள்தான் எனக்கு மோர் கொடுத்தவள். அந்தத் தாள் அப்போது என் பையில், டைரிக்குள், சோற்று டப்பாவுக்கு அடியில் இருந்தது.

அண்ணன் என்னையே பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். "சரி விடு. விசாரணைக்கு எப்படியும் ஊருக்கு வந்துரும். வேற தாள் அடிச்சுக்கிறேன். நாளைக்கு வெடியக்காலம் நானே போயி வாங்கிட்டு, அந்தம்மாவையும் அப்படியே வண்டியில ஏத்தி ஆபீசுக்குக் கூட்டியாந்துர்றேன்" என்றார்.

நாளைக்கு அவர் போனதும் வெள்ளைத்தாயி என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும். அதான் உங்க பிள்ளை வந்து வாங்கிப் போச்சே என்பார். அதற்கு மேல் நினைக்க முடியவில்லை.

தாளைக் கிழித்துவிடலாம். கிழித்தால் அவர் இன்னொன்றில் வாங்கிவிடுவார். கொடுத்துவிடலாம். கொடுத்தால் எனக்கு ஒன்றும் ஆகாது என்று சொல்கிறார். இருநூற்றெண்பது கன்று. விற்றால் மானியம் முழுவதும் வசூலிக்கப்படும். அந்த ஆறாயிரமும் நின்றுபோகும்.

சாயந்தரம் பாத்திரம் எல்லாம் தேய்த்தேன். தேய்த்து வைத்திருந்ததையும் தேய்த்தேன். அம்மா வாசற்படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில், "ஏதாச்சும் ஒடைச்சிட்டியா கடையில?" என்று கேட்டாள்.

ஆமாம் என்றேன்.

"அப்ப அவுக கண்டுபுடிக்கிறதுக்கு முன்னாடி நீயே போயிச் சொல்லிப்புடு. திட்டுனா வாங்கிக்க" என்றாள். அண்ணனிடம் சொல்வதை நினைத்துத்தான் சொன்னாள்.

ஆகஸ்ட் 7, வியாழன்

எட்டு மணிக்குப் போன் அடிக்கத் தொடங்கியது. ஜெயபாண்டி அண்ணன். எடுக்கவில்லை. மறுபடி அடித்தது. பஸ் ஸ்டாண்டில் நிற்கும்போது ஏழாவது தடவை. அதற்குப் பிறகு அணைத்துவிட்டேன்.

தோட்டக்கலை ஆபீஸ் ஒரு மாடிப்படிக்கு மேலே இருக்கிறது. ஒன்பதரைக்கே போய்விட்டேன். படியின் கீழே நின்று யார் யார் மேலே போகிறார்கள் என்று பார்த்தேன். ஒருமுறை பாதிப் படி ஏறி இறங்கிவிட்டேன். எதிர்த்த ஜெராக்ஸ் கடைக்காரர் என்னம்மா வேணும் என்று கேட்டார். ஒன்றும் வேண்டாம் என்று சொல்லத்தான் மறுபடி ஏறினேன்.

பத்தேகாலுக்கு அண்ணனின் கார் வந்த சத்தம் கேட்டது. மேலிருந்து பார்த்தேன். வெள்ளைத்தாயி பின் சீட்டிலிருந்து இறங்கினார். கதவைத் திறக்கத் தெரியாமல் உள்ளேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். அண்ணன் திறந்துவிட்டார். பிறகு அண்ணன் நிமிர்ந்தார். என்னைப் பார்த்தார். அவர் முகம் மாறவே இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

படி ஏறி வந்தார்கள். அண்ணன் என் பக்கத்தில் வந்து நின்று சிரித்த முகத்தோடு, உதடு அசையாமல், "அந்தத் தாளக் குடுத்துட்டு வீட்டுக்குப் போ. ஒங்க அம்மாகிட்ட நான் பேசிக்கிறேன்" என்றார். வெள்ளைத்தாயிக்குக் கேட்டிருக்கும். "ஏத்தா, நான் போட்ட ரசீது ஒன்கிட்டதான இருக்கு? இவுக இன்னொண்ணு போடுங்கிறாக. மொத ரசீதுக்குப் பைப்பு வரட்டும்னுட்டேன்" என்றார்.

உள்ளே கூப்பிட்டார்கள்.

மேடம் நான் நினைத்ததைவிடச் சின்ன வயது. மேசை மேல் எங்கள் கடைப் போட்டோக்களை எல்லாம் சேர்த்து வைத்த ஒரு பெரிய ஃபைல். வெள்ளைத்தாயியை உட்காரச் சொன்னார்கள். அண்ணன் நின்றுகொண்டே பேசினார். ஏதோ குழப்பமாம், அந்த அம்மாவே எழுதிக் கொடுத்திருக்கிறாராம், தாள் கடைப் பிள்ளையிடம் இருக்கிறதாம். பிறகு என் பக்கம் திரும்பி, "குடும்மா" என்றார். தெருவில் எல்லோர் முன்னாலும் கூப்பிடும் அதே அன்பான குரல்.

டைரியைப் பிரித்துத் தாளை எடுத்தேன். அவர் கை நீண்டது. நான் அதைத் தாண்டி மேடத்தின் முன்னால் வைத்தேன். அவர்கள் வாசித்தார்கள். வாய்விட்டே வாசித்தார்கள். விற்றுவிட்டேன் என்ற இடத்தில் வெள்ளைத்தாயி என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையைப் பற்றி எழுத எனக்குத் தெரியவில்லை.

"நானா வித்தேன்?" என்று மட்டும் கேட்டார். மேடத்தைக் கேட்கவில்லை. என்னைக் கேட்டார்.

மேடம் தாளைக் கீழே வைத்தார்கள். "நீ யாரும்மா? உனக்கும் இதுக்கும் என்ன?" என்றார்கள்.

வாயைத் திறந்தேன். நேற்றிலிருந்து சொல்லிச் சொல்லிப் பார்த்த வரி வரவில்லை. "சின்னப் புள்ள மேடம், பயப்படுது" என்றார் அண்ணன். மேடம் காத்திருந்தார்கள்.

ஃபைலில் திறந்திருந்த பக்கத்தில் அந்தப் படம் இருந்தது. நீலச் சேலை, துண்டு, சிலேட்டு. வெள்ளைத்தாயி சொன்னது சரிதான், முகத்தில் சந்தோஷம் தெரிந்தது.

அந்த முகத்தின் மேல் என் விரலை வைத்தேன். பிறகு அதே விரலை என் நெஞ்சில் வைத்தேன்.

ஃபைலை என் பக்கம் இழுத்து, முந்தின போட்டோ இருந்த பக்கத்தை நானே புரட்டினேன்.